தொழில்: தச்சர்

பதினொரு வருடம் கந்தகத்தில் கத்தினேன்.
கெமிக்கல் கம்பெனி இல்லை, பேண்டு.
ஷார்ஜாப் பள்ளிக்கூடப் பையன்கள்
பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன கறுப்பு டீ-ஷர்ட்டில்
வாயைத் திறந்தபடி நின்றது நான்தான்.
பாதி முடி, மீதி பல்.
அடியில் இடும்பன் என்று எழுதியிருக்கும்.

விலகுகிறேன் என்றதும் ஹத்தாத்
கோபப்படவில்லை. டீ சொன்னார்.
விசா என்னுடையது,
இடும்பன் என்ற பேர் என்னுடையது,
பாட்டெல்லாம் சவியோவுடையது என்று
சர்க்கரையைக் கலக்கியபடி எண்ணினார்.
தொண்டை உன்னுடையது. எடுத்துக்கொள்.

முப்பது நாள் கெடு.
இருபத்தேழாம் நாள் அல் கூஸில்
மரச்சாமான் கடை வைத்திருக்கும் பட்கல்காரர்
ஆள் எடுத்தார்.
அட்டையில் அச்சாகி வந்தது:
அருமைநாயகம் பெலிக்ஸ். தொழில், தச்சர்.
முந்தைய அட்டையில் விற்பனைப் பிரதிநிதி.
இரண்டுமே பொய். ஆனாலும் இதில்
கொஞ்சம் பைபிள் வாசனை.

முதல் தனி நிகழ்ச்சி
பர் துபாயில், ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில்.
அறிவிப்பாளன் அருமை வரை வந்தான்,
நாயகத்தின் வாசலில் நின்று தண்ணீர் குடித்தான்.
முப்பத்தொரு பேர்.
ஒன்பது பேர் நெஞ்சில் என் முகம்.
சாம்பல் திருவிழா பாடு, பாடு என்று
அந்த முகங்களுக்கு மேலிருந்து கேட்டார்கள்.
வக்கீல் கடிதம் இருக்கிறது என்று
மைக்கிலா சொல்வது?
புதுசைப் பாடினேன்.
ஆறுதல் கைதட்டல் எப்படி இருக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது:
விரல்கள் மட்டும் தட்டும், உள்ளங்கை படாது.

கராமாவில் அறைக்கு ஆறு பேர்.
தும்மினாலே மேல்கட்டிலிலிருந்து செருப்பு வரும்.
ஸ்டுடியோ மணிக்கு முந்நூறு திர்ஹம்.
அதனால்
ஆகஸ்ட் ஞாயிறுகளில்
ஐஸ்கிரீம் கோடவுன் பின்னால்
நிஸான் சன்னியை நிறுத்தி,
கண்ணாடி ஏற்றி,
ஏசியை அணைத்து
(ஓடினால் மைக்கில் இரையும்)
நாற்பத்தாறு டிகிரியில் ஒரு வரி.
கதவைத் திறந்து மூச்சு.
மறுபடி ஒரு வரி.
சவியோவின் கிட்டார் இல்லாத இடத்தில்
எனக்கு மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது,
பதினொரு வருடத்தில் முதல் தடவை.
அதை வெட்டவில்லை.

மூன்றாம் பாட்டில்
கெடு என்ற சொல்லை
அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது
கண்ணாடியில் டக், டக்,
டக் டக்.
காவலாளி. தேக் பகதூர் என்று சட்டையில்.
ஆஸ்பத்திரியா என்றான் இந்தியில்.
இல்லை, பாட்டு.
கொஞ்ச நேரம் பார்த்தான்:
தொப்பலாய் நனைந்த சட்டை, சிவந்த கண்,
ஸ்டியரிங்கில் செருகிய மைக்.
யாரைத் திட்டுகிறாய்?

ஹத்தாத்தை, சவியோவை,
என் இடத்தில் வந்து
என்னைவிட நன்றாகக் கத்துகிற
அந்த பெய்ரூட் பையனை...
பட்டியலே இருந்தது நாக்கில்.
யாரையும் இல்லை என்றேன்.
அப்படியானால் நிழலில் நின்று திட்டு என்று
லாரிக் கொட்டகையைக் காட்டிவிட்டுப் போனான்.

ஆல்பம் வந்து ஏழு மாதம்.
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்கப்பட்டிருக்கிறது.
அதில் நாற்பது நான்.
சாவ் பாலோவில் யாரோ ஒருவர்
மூன்றாம் பாட்டை மட்டும் தினமும் கேட்கிறார்.
இரண்டாம் நிமிடத்தில் வரும் தாளம் யாருடையது என்று
எழுதிக் கேட்டார்.
எழுதினேன்: தேக் பகதூர், கண்ணாடி.

அவனை ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள்.
புதுக் காவலாளிக்கு என் சத்தம் ஆகவில்லை,
வண்டியை எடு என்கிறான்.

முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்,
ஒரு பெட்டி அடிக்கக் கற்றுக்கொடுங்கள்,
ஆள் உயரம், உள்ளே பஞ்சு,
சத்தம் வெளியே போகக் கூடாது.
சவப்பெட்டியா என்றார்.
நிற்கவைத்தா புதைப்பார்கள் என்றேன்.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
என் தோள் அகலத்தை
சுவரில் குறித்துக்கொண்டார்.